பிள்ளைகளைச் சமையற்கட்டுக்குள் கூப்பிடுங்கள்!

கூட்டாஞ்சோற்றில் கணக்கு, இட்லி மாவில் அறிவியல், கீரைக்கட்டில் பொறுமை... வீட்டுக்குள்ளேயே இருக்கிறது ஒரு பள்ளிக்கூடம்.

“இங்கே உனக்கு என்ன வேலை? போய்ப் படி!”

சமையற்கட்டு வாசலில் வந்து எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு நம் வீடுகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். சொல்பவர் மேல் குற்றமில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது, ஏழரைக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும், நாளைக்கு மாதத் தேர்வு. காலைச் சுற்றிப் பிள்ளை நின்றால் எங்காவது சுட்டுக்கொள்ளுமே என்ற பயம் வேறு. பிள்ளையும் போய்ப் புத்தகத்தைத் திறந்து, நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று மனப்பாடம் செய்கிறது. பத்தடி தள்ளி, நிஜமாகவே நீர் கொதித்துக்கொண்டிருக்கிறது.

படிப்புக்காகப் பிள்ளையை எந்த இடத்திலிருந்து விரட்டுகிறோமோ, அந்த இடத்தில்தான் கணக்கும் அறிவியலும் மொழியும் உடல்நலமும் ஒன்றாகக் கிடைக்கின்றன. வாரத்தில் ஒரு வேளையாவது பிள்ளைகளோடு சேர்ந்து சமைக்கும் வீட்டில், பிள்ளையின் தட்டும் மாறும், பிள்ளையும் மாறும்.

இது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தன் பள்ளிகளில் தண்ணீர் ஊற்றுவது, சலிப்பது, காய் நறுக்குவது, மேசை துடைப்பது போன்ற வேலைகளைப் பாடமாகவே வைத்தார். 1939-ல் சென்னைக்கு வந்தவர், அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை மையமாக வைத்தே பிள்ளைகளுக்குப் பாடம் நடக்க வேண்டும் என்று காந்தி வாதிட்டார். ஆதாரக் கல்வி என்று நாம் அறிந்தது அதைத்தான். கை வேலை செய்யும்போது புத்தியும் வேலை செய்கிறது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. ஆதாரக் கல்விக்கு ராட்டை வேண்டும், தறி வேண்டும். சமையலுக்கு வேண்டிய அத்தனையும் எல்லா வீட்டிலும் ஏற்கெனவே இருக்கின்றன.

தான் சமைத்ததைத் தானே சாப்பிடும்

“காய்கறியைத் தொடவே மாட்டேங்கிறான்” என்பது குழந்தை மருத்துவர்களின் அறையில் அன்றாடம் கேட்கும் புலம்பல். பயமுறுத்தியும் பார்க்கிறோம், போனைக் கையில் கொடுத்தும் ஊட்டிப் பார்க்கிறோம். ஒரு புதுக் காய் குழந்தையின் நாக்குக்குப் பழகுவதற்கு, 8 முதல் 15 தடவைகூட அது தட்டுக்கு வந்துபோக வேண்டியிருக்கும் என்று ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். நாமோ மூன்றாவது தடவையிலேயே, “இவனுக்குப் பாகற்காய் ஆகாது” என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

சமையலில் சேரும் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. பீர்க்கங்காயைக் கடையில் பொறுக்கும்போது ஒரு தடவை, வரம்பு சீவும்போது ஒரு தடவை, வாணலியில் அது சுருங்குவதைப் பார்க்கும்போது ஒரு தடவை என்று, சாப்பிட உட்காருவதற்குள் மூன்று நான்கு முறை அந்தக் காயோடு பழகிவிடுகிறது. கொத்தமல்லி கலந்த தோலித் துவையல் தன் கையால் ஆனது என்றால், முதல் வாய் அதுவாகவே எடுத்து வைக்கும்.

சுவிட்சர்லாந்தில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வு ஒன்று இதை எண்ணிக்கையோடு காட்டியது. 6 முதல் 10 வயது வரையிலான 47 குழந்தைகளில், பெற்றோருடன் சேர்ந்து மதியச் சாப்பாட்டைச் சமைத்தவர்கள், சமைக்காதவர்களைவிட 76 சதவிகிதம் அதிகமாகப் பச்சைக் காய்கறி சாலட் சாப்பிட்டார்கள். அதே தட்டில் இருந்த கோழிக்கறியையும் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பெற்றோர் இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும். சேர்ந்து செய்வது எதுவோ, பிள்ளை அதை அதிகம் சாப்பிடும். கேக்கும் நூடுல்ஸும் மட்டும் செய்யக் கற்றுக்கொடுத்தால், அவையே அதிகம் உள்ளே போகும். ஆகவே கூப்பிடுவது எவ்வளவு முக்கியமோ, எந்தச் சமையலுக்குக் கூப்பிடுகிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம். கீரைக்கும் பயறுக்கும் சிறுதானியத்துக்கும் முதல் அழைப்பு போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கூட்டாஞ்சோறு

எங்கே தொடங்குவது? நம்மிடமே இருக்கிறது கூட்டாஞ்சோறு. நெல்லைப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, காய் கொண்டுவந்து, தோப்பில் மூன்று கல் கூட்டி ஆக்கித் தின்றது ஒரு காலம். வீட்டுச் சமையலாகவும் அது நிலைத்திருக்கிறது. அரிசி, பருப்பு, காய், கீரை நான்கும் ஒரே பாத்திரத்தில் வேகும் முழுச் சாப்பாடு என்பதால், எல்லா வயதுப் பிள்ளைக்கும் அதில் ஒரு வேலை கிடைக்கும்.

சனிக்கிழமை இரவே வேலை ஆரம்பம். முருங்கைக்கீரையை ஈர்க்கோடு செய்தித்தாளில் சுற்றி மூடி வைக்கச் சொல்லுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலைகள் பாதிக்கு மேல் தானாக உதிர்ந்து கிடக்கும். நாலு வயதுப் பிள்ளைக்கு இது ஒரு மாயவித்தை. மீதியை உருவி, பழுத்த இலையைத் தள்ளி, பூச்சி இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து ஆய்வதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். செல்போன் இல்லாமல் அரை மணி நேரம் ஒரே வேலையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியை எந்த டியூஷனும் தருவதில்லை.

நாலு பேருக்கு அளவு இது: அரிசி 1½ டம்ளர், துவரம்பருப்பு ½ டம்ளர், இரண்டும் சேர்ந்து 2 டம்ளர். குழைவாக வேக மூன்று பங்கு, அதாவது 6 டம்ளர் தண்ணீர். “சித்தியும் சித்தப்பாவும் சாப்பிட வருகிறார்கள், ஆறு பேருக்கு எவ்வளவு?” என்று கேளுங்கள். நாலுக்கு 1½ என்றால் ஆறுக்கு 2¼, பருப்பு ¾, தண்ணீர் 9 டம்ளர். ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கு முழுதும் இதில் வந்துவிட்டது. தப்பாகப் போட்டால் சோறு பத்தாது, சரியாகப் போட்டால் சித்தப்பா வயிறு நிறையும். விடை சரியா என்பதைச் சாப்பாடே சொல்லிவிடும் கணக்கு இது.

கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், அவரைக்காய், கேரட் என்று கிடைக்கும் காய்களை நறுக்க வேண்டும். நறுக்கிய கத்தரிக்காயும் வாழைக்காயும் காற்றுப் பட்டதும் கறுப்பதைப் பிள்ளை பார்க்கும். தண்ணீரில் போட்டால் ஏன் கறுக்கவில்லை? காற்றிலுள்ள ஆக்ஸிஜன் நேராகப் படுவதைத் தண்ணீர் தடுக்கிறது. தேங்காய், சின்ன வெங்காயம், சீரகம், வற்றல் மிளகாய் சேர்த்து ஒன்றிரண்டாக அரைப்பது பெரியவர் வேலை; அளந்து மிக்ஸியில் போடுவது பிள்ளையின் வேலை. சின்ன வெங்காயம் உரிக்கும்போது கண் எரிந்தால் அதற்கும் காரணம் சொல்லலாம். வெங்காயத்தின் செல்கள் உடையும்போது கந்தகம் கலந்த ஒரு வாயு கிளம்பிக் கண்ணில் படுகிறது. அதைக் கழுவத்தான் கண்ணீர் சுரக்கிறது.

அரிசியும் பருப்பும் முக்கால் பதம் வெந்தபின் காய்கள், மஞ்சள்தூள், அரைத்த விழுது, கீரை. கடைசியில்தான் புளிக்கரைசல். புளியை ஏன் முதலிலேயே ஊற்றவில்லை என்று பிள்ளை கேட்க வேண்டும்; கேட்காவிட்டால் நாமே கேட்க வேண்டும். புளிப்பு சேர்ந்தால் பருப்பும் காயும் மசிய நேரமாகும், அதனால்தான். புளிக்குழம்பில் வெந்த காய் உடையாமல் நிற்பதும் இதே காரணத்தால். தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் கைப்பக்குவத்தில் வைத்திருந்த வேதியியல் இது.

இறக்கியபின் தாளிப்பு. கடுகு வெடிப்பதைத் தள்ளி நின்று பார்க்கட்டும். கடுகுக்குள் இருக்கும் துளி ஈரம் சூடான எண்ணெயில் ஆவியாகிறது. நீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். இடம் போதாமல்தான் கடுகு வெடிக்கிறது. குக்கர் விசிலுக்கும் இதே ஆவிதான் காரணம். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் நீர் 100-ல் கொதிக்காமல் சுமார் 120 டிகிரி வரை சூடேறுகிறது; பருப்பு சீக்கிரம் வேகிறது. மலை மேல் இருக்கும் உதகையில் காற்றழுத்தம் குறைவு; அங்கே நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோடை விடுமுறைக்கு உதகை போகும் பிள்ளை, அங்கே திறந்த பாத்திரத்தில் சோறு வேக ஏன் நேரமாகிறது என்பதைத் தானே சொல்லும்.

சாப்பிடும்போது இன்னொரு பாடம். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் அது உண்டு. இரண்டும் சேரும்போது புரதம் முழுமை பெறுகிறது. கீரையில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் உடம்பு அதை எளிதில் எடுத்துக்கொள்ளாது. ஆறியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்தாலோ, கூடவே ஒரு துண்டு நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டாலோ, வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அதே இரும்பு வீணாகும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள்ளான குழந்தைகளில் 67.1 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. எலுமிச்சம்பழம் பிழியும் வேலையை வீட்டின் கடைக்குட்டியிடம் கொடுப்பது சின்ன விஷயம் அல்ல.

இட்லி மாவு எழுதும் வரைபடம்

அறிவியல் கூடத்தில் செய்யக்கூடிய அருமையான சோதனை ஒன்று வாரந்தோறும் நம் வீட்டில் நடக்கிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை. இட்லி அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். ஊறப்போடும்போதே அளந்து எழுதச் சொல்லுங்கள். காய்ந்த உளுந்து ஒரு டம்ளர், ஊறியபின் எவ்வளவு? அரைத்துப் பொங்கியபின் எவ்வளவு?

அரைத்துக் கரைத்த மாவில் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்கும் கீழே ஊற்றி, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போடுங்கள். இன்னொரு பாட்டிலில் அதே அளவு ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மூடியை இறுக்கித் திருக வேண்டாம். தூங்கப் போகும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டத்தைக் குறிக்கட்டும். காலையில் எழுந்ததும் பல் துலக்கும் முன்பே அடுப்படிக்கு ஓடும் பிள்ளையைப் பார்ப்பீர்கள். “அம்மா, பொங்கிடுச்சும்மா! பேண்டுக்கு மேல இவ்ளோ!” வெளியே இருந்த மாவு பொங்கியிருக்கும், ஃபிரிட்ஜ் மாவு இருந்த இடத்திலேயே இருக்கும். மற்றதெல்லாம் ஒன்றாயிருக்க, வெப்பத்தை மட்டும் மாற்றிப் பார்த்த சோதனை இது. எந்த ஆய்வுக்கும் அடிப்படை இந்த முறைதான்.

மாவைப் பொங்கவைப்பது அரிசியோடும் உளுந்தோடும் வந்த நுண்ணுயிர்கள். லியூகோனாஸ்டாக், லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. அமிலம் புளிப்பைத் தருகிறது. வாயு உளுந்தின் வழவழப்பில் சிக்கிக்கொண்டு மாவை உயர்த்துகிறது. உளுந்து குறைந்தால் இட்லி கல்லாகும் என்று பாட்டி சொன்னதற்குக் காரணம் இதுதான். மார்கழிக் குளிரில் எத்தனை மணி நேரம், சித்திரை வெயிலில் எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால், ஓராண்டு முடிவில் பிள்ளையிடம் சொந்தமாக ஒரு வரைபடம் இருக்கும். புளித்த மாவில் இரும்பும் துத்தநாகமும் உடம்புக்கு எளிதாகக் கிடைக்கும் என்பது கூடுதல் லாபம்.

பயறு முளைகட்டுவதும் இப்படித்தான். பச்சைப்பயற்றை இரவு ஊறவைத்து, நீரை வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால், ஒரு நாளில் முளை எட்டிப் பார்க்கும். காய்ந்த பயற்றில் இல்லாத அளவுக்கு முளைவிட்ட பயற்றில் வைட்டமின் சி உருவாகிறது. சட்டையில் பட்ட சாம்பார்க் கறை சோப்பு பட்டதும் சிவப்பாக மாறுவதைக் கவனித்த பிள்ளைக்கு, மஞ்சள் ஒரு காரங்காட்டி என்ற பாடம் பரீட்சைக்குப் பிறகும் மறக்காது.

ஆச்சியின் ஒரு கைப்பிடி எத்தனை கிராம்?

நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணளவில் சமைத்தவர்கள். “ஒரு கைப்பிடி பருப்பு, நெல்லிக்காய் அளவு புளி, மூணு விரல்ல எடுத்த உப்பு.” பாட்டியோ ஆச்சியோ கூட இருக்கும் வீட்டில் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஆச்சி அள்ளும் ஒவ்வொன்றையும் பாத்திரத்தில் விழும் முன் தராசில் பிடித்து எடையை எழுத வேண்டும். மூன்று முறை எடை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஆச்சியின் வற்றல்குழம்பு எண்ணோடும் எழுத்தோடும் வீட்டில் பதிவாகிவிடும். எழுதுவதற்குள், கீரையை ஆய்வது, அரிசியைக் களைவது, பருப்பைக் கடைவது, மாவைத் துழாவுவது என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக நாம் வைத்திருக்கும் சொற்களும் பிள்ளையின் பேச்சில் ஏறிவிடும்.

பழைய அளவைகள் பரணில் கிடந்தால் இறக்குங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அரை, கால், அரைக்கால் மூன்றையும் அரிசியை அளந்து கொட்டியே புரியவைக்கலாம்.

சந்தையிலும் பாடம், லேபிளிலும் பாடம்

சமையல் அடுப்பில் ஆரம்பிப்பதில்லை. 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது முதல், நம் ஊர்களில் காய் விளைவித்தவரிடமே நேரில் வாங்க ஒரு வழி இருக்கிறது. அங்கே அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவைத்திருப்பார்கள். 200 ரூபாயைப் பிள்ளை கையில் கொடுத்து, “இந்த வாரம் ஒரு கீரை, ஒரு கொடிக்காய், ஒரு கிழங்கு, ஒரு பழம் வாங்க வேண்டும், மீதியைக் கணக்குக் காட்ட வேண்டும்” என்று விட்டுவிடுங்கள். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பதும், முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பதும் அங்கே கடைக்காரரே சொல்லிக்கொடுப்பார். இந்தக் காய் எந்த மாதத்தில் மலிவு, ஏன் மலிவு என்பதும் தானாகவே பிடிபடும்.

மளிகைக் கடையில் வேறொரு பாடம். பாக்கெட் உணவின் முதுகில் சேர்மானங்களை, எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. முதல் மூன்று பெயர்களைப் பிள்ளை சத்தமாகப் படிக்கட்டும். மைதா, சர்க்கரை, பாமாயில் என்று வந்தால், உள்ளே இருப்பது என்ன என்று நாம் சொல்ல வேண்டியதே இல்லை. குளிர்பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், 250 மில்லி பாட்டிலில் 25 கிராம். வீட்டுக்கு வந்து 5 கிராம் பிடிக்கும் தேக்கரண்டியால் ஐந்து முறை அள்ளி ஒரு டம்ளரில் கொட்டிக் காட்டுங்கள். உப்புக்கும் இதுதான் வழி. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி மட்டுமே. அப்பளம், ஊறுகாய், சிப்ஸ் எல்லாம் அந்தக் கரண்டிக்குள் அடங்க வேண்டும். குழந்தைக்கு அளவு இன்னும் குறைவு.

எந்த வயதில் என்ன வேலை?

3 முதல் 5 வயது: காய் கழுவுதல், கீரை ஆய்தல், பட்டாணி, மொச்சை உரித்தல், கறிவேப்பிலை உருவுதல், தட்டு எடுத்து வைத்தல், சுண்டலில் தேங்காய்த் துருவல் தூவுதல்.

6 முதல் 8 வயது: அரிசி, பருப்பு அளத்தல், களைதல், எலுமிச்சை பிழிதல், சப்பாத்தி மாவு பிசைதல், தேய்த்தல், மத்தால் மோர் கடைதல், வாழைப்பழம், வெள்ளரிக்காய் போன்ற மென்மையானவற்றை மழுங்கிய கத்தியால் நறுக்குதல்.

9 முதல் 11 வயது: தோல் சீவியும் சிறு கத்தியும் பயன்படுத்துதல், பெரியவர் பக்கத்தில் நிற்க அடுப்பில் தோசை ஊற்றுதல், ராகிக் கூழ், உப்புமா கிண்டுதல், வாரத்தில் ஒரு வேளைக்கு என்ன சமைப்பது என்று திட்டமிடுதல்.

12 வயதுக்கு மேல்: சோறு, பருப்பு, ஒரு காய், ஒரு துவையல் என்று முழுச் சாப்பாட்டையும் செய்து, அடுப்படியைத் துடைத்துப் பாத்திரம் கழுவி முடித்தல்.

வயது ஒரு கைகாட்டிதான். பத்து வயதில் பதற்றமாக இருக்கும் பிள்ளையும் உண்டு, ஏழு வயதில் நிதானமான பிள்ளையும் உண்டு. உங்கள் பிள்ளையின் கை உங்களுக்குத் தெரியும்.

கத்தியும் நெருப்பும்: சமரசம் கூடாது

சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடக் கூடாது. பச்சை முட்டை, மீன், கறி தொட்டபின் மறுபடியும் கழுவ வேண்டும். நறுக்கும்போது காயைப் பிடிக்கும் கையின் விரல்நுனிகள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். அரிவாள்மணை சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். வாணலிக் கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நைலான் உடை, தொங்கும் துப்பட்டா, அவிழ்ந்த முடி எதுவும் அடுப்பருகில் கூடாது. எண்ணெயில் பொரிப்பதும் குக்கர் திறப்பதும் பெரியவர் வேலை. ஆவி அடங்கும் முன் குக்கர் மூடியில் யாருமே கை வைக்கக் கூடாது. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது; அடுப்பை அணைத்துத் தட்டுப் போட்டு மூட வேண்டும். ஐந்து வயதுக்குள்ளான குழந்தை முழு வேர்க்கடலையை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், புரையேறினால் ஆபத்து.

கை சுட்டுவிட்டால் உடனே குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இந்த விதிகளைப் பிள்ளையே பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டட்டும். விதியைத் தெரிந்துகொண்டு அடுப்பருகில் நிற்கும் பிள்ளை, எதுவும் தெரியாத பிள்ளையைவிடப் பத்திரமாக இருக்கும்.

மகன் கையிலும் கரண்டி

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்வது இது: சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அதுவும், வீட்டு வேலையில் ஈடுபடும் ஆண்களை மட்டும் கணக்கிட்ட சராசரி. கையே வைக்காதவர்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. இந்த இடைவெளி எட்டு வயதில் ஆரம்பிக்கிறது. அக்காவைக் கூப்பிட்டு வெங்காயம் உரிக்கச் சொல்லி, தம்பியை விளையாட விடும்போது ஆரம்பிக்கிறது. மகனையும் மகளையும் ஒரே நேரத்தில், ஒரே வேலைக்குக் கூப்பிடுங்கள். அப்பாவும் கூட நிற்கட்டும். சொல்லிக் கேட்காத மகன், அப்பா செய்வதைப் பார்த்துச் செய்வான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அம்மா வேலைக்குப் போவதால் மூத்த பெண்பிள்ளை தலையில் முழுச் சமையலையும் கட்டி, அவள் படிப்பை நிறுத்துவது வேறு. அது அநியாயம். நாம் பேசுவது, பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து நின்று, பிள்ளையின் வயதுக்கும் விருப்பத்துக்கும் ஏற்ற வேலையைக் கற்றுக்கொள்வது பற்றி. பள்ளி நேரத்தையும் விளையாட்டு நேரத்தையும் தொடாத சமையல் இது.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் வார நாள் காலையில் இது நடக்காது, முயலவும் வேண்டாம். அவசரத்தில் பிள்ளைக்குத் திட்டுதான் கிடைக்கும். ஞாயிறு ஒரு வேளை போதும். தனிச் சமையலறை இல்லாத ஒற்றை அறை வீட்டில்கூட, தரையில் ஒரு தாள் விரித்துக் கீரை ஆயலாம், அரிசியில் கல் பொறுக்கலாம். தோசை கோணலாக வரும், மாவு சிந்தும், உப்பு கூடிப்போகும். உப்பு கூடினால் கொஞ்சம் பருப்பும் தண்ணீரும் சேர்த்து எப்படிச் சரிசெய்வது என்று காட்டுங்கள். சிந்தியதைத் துடைப்பதும் பாடத்தில் சேர்த்தி. பிள்ளை செய்த பண்டத்தைப் பிள்ளை பார்க்கச் சாப்பிட்டு, எது நன்றாக இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். “சூப்பர்” என்பதைவிட, “பெருங்காயம் சரியா போட்டிருக்கே கண்ணு” என்ற வார்த்தை அடுத்த வாரமும் அவனை அடுப்படிக்கு அழைத்துவரும்.

பள்ளிகள் என்ன செய்யலாம்?

ஜப்பானில் தொடக்கப் பள்ளி ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆண், பெண் இருபாலருக்கும் வீட்டியல் பாடம் உண்டு. சமையல் அதில் அடக்கம். மதிய உணவு வேளையில் வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் அணிந்து பிள்ளைகளே முறைவைத்து வகுப்பில் பரிமாறுகிறார்கள். 2001-ல் காகாவா மாநிலத்தின் தகினோமியா தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் தகேஷிதா கசுவோ ஒரு படி மேலே போனார். குறிப்பிட்ட நாட்களில் மேல்வகுப்புப் பிள்ளைகள் தங்கள் மதிய உணவைத் தாங்களே செய்து கொண்டுவர வேண்டும். என்ன செய்வது என்று தீர்மானிப்பது, வாங்குவது, சமைப்பது, டப்பாவில் அடைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் பிள்ளையின் பொறுப்பு. பெற்றோர் உதவக் கூடாது என்பது நிபந்தனை. அந்த வழக்கம் பின்னர் ஜப்பானின் பல பள்ளிகளுக்குப் பரவியது. 2005-ல் உணவுக் கல்விக்கென்றே அந்த நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது.

பள்ளியில் சோறு போடுவதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1920-ல் நீதிக்கட்சி காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது, 1956-ல் காமராஜரின் மதிய உணவாக விரிந்தது, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவாக வளர்ந்தது, 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதை நாட்டுக்கே சொல்லிக்கொடுத்த மாநிலம் இது. தட்டில் விழும் உணவைப் பிள்ளைக்குப் புரியவைப்பதுதான் இனி செய்ய வேண்டியது. பள்ளி வளாகத்தில் ஒரு முருங்கை மரமும் கீரைப் பாத்தியும் போதும். மாதத்தில் இரண்டு பாடவேளையை ஒதுக்கி, அடுப்பே பற்றவைக்காமல் முளைப்பயறுச் சாலட், அவல் என்று ஆரம்பிக்கலாம். சத்துணவுக்கூடத்தில் தினமும் நூறு பேருக்குச் சமைக்கும் அம்மாக்களை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, அளவுக் கணக்கைச் சொல்லச் சொல்லலாம். அவர்களைவிட அனுபவமுள்ள ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

பத்தாம் வகுப்பைத் தாண்டும் எந்தப் பிள்ளையும், ஆணோ பெண்ணோ, தனக்கும் இன்னும் மூன்று பேருக்கும் சத்தான ஒரு வேளைச் சாப்பாடு ஆக்கத் தெரியாமல் வெளியே போகக் கூடாது. விடுதியிலும் வெளியூர் வேலையிலும் அவர்களைக் காக்கப்போகும் கல்வி அது. பள்ளியும் அரசும் அதற்கு வழி செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்குங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவையுங்கள், ஆரம்பியுங்கள்.